கிடைக்காத உலோகத்துக்கு ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

‘அவதார்’ (2009) படத்தை மகனோடு மறுபடி பார்த்தேன். ஒரு நிலாவையும் அதன் செடிகொடிகளையும் அங்குள்ளவர்களின் மொழியையும் அவ்வளவு யோசித்துச் செய்தவர்கள், எல்லோரும் அடித்துக்கொள்ளும் உலோகத்துக்கு மட்டும் ‘அனப்டேனியம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கிடைக்காதது’ என்பதோடு ஒரு ‘இயம்’! அது எதற்குப் பயன்படும் என்றும் யாரும் சொல்வதில்லை. சோம்பேறித்தனம்தானே?

க.

அன்புள்ள க.,

பெயருக்காக இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனைத் திட்ட முடியாது. 1950களிலேயே அமெரிக்க விமானப் பொறியாளர்களிடம் புழங்கிய கிண்டல் அது. காகிதத்தில் கணக்கு சரியாக வரும். ஆனால் அவ்வளவு லேசாக, அவ்வளவு சூடு தாங்குகிற பொருள் உலகத்தில் இருக்காது. “அனப்டேனியத்தில் செய்துவிடலாம்” என்பார்கள். 2003இல் வந்த ‘தி கோர்’ படமும் இதே பெயரை எடுத்தாண்டது.

அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் காலத்தில் இந்தக் கிண்டல் பலித்தது. ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் போகிறபோது அதன் மேல்தோல் 250 டிகிரிக்கு மேல் காயும். அலுமினியம் தளர்ந்துவிடும்; டைட்டானியம் தாங்கும். போதுமான அளவு டைட்டானியமோ சோவியத் ஒன்றியத்திடம் இருந்தது. யாரை வேவு பார்க்க நினைத்தார்களோ அவர்களிடமே, போலிக் கம்பெனிகளை நடுவில் நிறுத்தி வாங்கினார்கள். படத்தில் வரும் அந்த நிலாவான பண்டோராவிலும் சரக்கு அடுத்தவன் மரத்துக்கு அடியில்தானே கிடக்கிறது? எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படுகிறது.

பயன் என்ன என்று வாயால் சொல்வதில்லை, உண்மை. ஆனால் நிர்வாகியின் அறையில் அந்தக் கல் அந்தரத்தில் மிதக்கிறது, கவனித்தீர்களா? அவன் “கிலோ இரண்டு கோடி டாலர்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அவனுக்கு அதற்கு மேல் தேவையில்லை. அந்தக் கல், குளிரூட்டாமலே வேலை செய்யும் மீகடத்தி; அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்தின் மேல் மிதக்கும். 1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஒன்னஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் கொண்டுபோனபோது அதன் மின்தடை காணாமல் போனது. 1987இல் யிட்ரியம், பேரியம், தாமிரம் கலந்த ஒரு பீங்கான் மைனஸ் 180இலேயே அதைச் செய்தது. நம் வீட்டு அறையின் சூட்டிலும் காற்றழுத்தத்திலும் செய்கிற பொருள் இன்னும் இல்லை. 2023இல் தென் கொரியாவிலிருந்து, அப்படிச் செய்யும் என்ற அறிவிப்போடு எல்கே-99 என்ற பொருள் வந்தது. சில வாரம் ஆரவாரம், அப்புறம் சத்தமில்லை.

என் சண்டை படத்தில் வரும் அந்த மிதக்கும் மலைகளோடுதான். மலையையே தூக்கும் காந்தப்புலத்தில் விமானக் கருவிகள் குழம்புவதாகக் காட்டியது சரி. ஆனால் ஹெலிகாப்டர் மட்டும் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது? மகனிடம் ஒரு செம்புக் குழாயும் வலுவான சிறு காந்தமும் கொடுத்து, குழாய்க்குள் போடச் சொல்லுங்கள். செம்பைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் காந்தம் எண்ணெய்க்குள் இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கும்; அது நகரும்போது செம்பில் எழும் மின்னோட்டம் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அலுமினிய ஹெலிகாப்டருக்கும் அந்தப் பிடி உண்டு. இறக்கை ஒரு சுற்று சுற்றவே படாதபாடு பட்டிருக்கும்.