சின்னக் கவலைகளையும் ஜெபத்தில் சொல்லலாமா?

அன்புச் சகோதரருக்கு,

இரவல் வாங்கிய மடிக்கணினி பழுதாகிவிட்டதற்கெல்லாம் ஜெபிப்பது தேவனைத் தொந்தரவு செய்வதாகாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தில், யோர்தான் கரையில் மரம் வெட்டிய ஒருவனின் கோடரி தண்ணீரில் விழுந்தபோது, ஐயோ, அது இரவலாயிற்றே என்றுதான் அவனும் அலறினான். தீர்க்கதரிசியான எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல், எங்கே விழுந்தது என்று கேட்டு, ஒரு கொம்பை வெட்டி எறிந்து இரும்பை மிதக்கச் செய்தார். அந்தக் கேள்வியில்தான் எத்தனை கரிசனை! ஆகவே பொதுவாக 'உதவி செய்யும்' என்று முடித்துவிடாமல், என்ன பழுது, யாருக்குப் பயப்படுகிறீர்கள், கையில் எவ்வளவு பணம் குறைகிறது என்பதையெல்லாம் அப்படியே சொல்லுங்கள். யூதாவின் ராஜாவான எசேக்கியாவும் தன்னை மிரட்டி வந்த கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்தே ஜெபித்தார். பிறகு, உரியவரிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதற்கான தைரியத்தையும் தேவனிடமே கேளுங்கள்.