ஸ்டுடியோ கைமாறிவிட்டது, அடுத்த கேமை நம்பி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு மிகவும் பிடித்த ரோல்பிளேயிங் கேம் ஸ்டுடியோவைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. இன்னும் முழுமையாகாத அவர்களின் கேமுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறேன். திரும்பக் கேட்டுவிடலாமா? இனி அவர்களை நம்பலாமா?

பதில்: கட்டிய பணத்துக்காக இப்போதே பதற வேண்டாம். முக்கால்வாசி முடிந்த கேமை முடித்து விற்பதில்தான் வாங்கியவருக்கும் லாபம். கவலை அதற்கு அடுத்த கேமைப் பற்றியது.

நாமே ஒரு பாத்திரமாகி, நம் முடிவுகளால் கதையை நகர்த்தும் இவ்வகை கேம்களுக்குக் கதை எழுதுவதுதான் உயிர். முதல் ஊரில் நீங்கள் சொன்ன ஒரு பொய், இருபது மணி நேரம் கழித்து உங்கள் முன் வந்து நிற்க வேண்டும். அந்த இழைகளை அறுந்துபோகாமல் பிடித்திருப்பவர்கள் நாலைந்து பேர்தான். பெயரையும் உரிமையையும் விலைக்கு வாங்கலாம். அவர்களை ஒப்பந்தம் போட்டுச் சில ஆண்டுகள்தான் நிறுத்திவைக்க முடியும்.

பயோவேர் என்ற ரோல்பிளேயிங் கேம் ஸ்டுடியோவைப் பாருங்கள். பெரிய கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வாங்குவதாக அறிவித்தது 2007இல். உடனே எதுவும் கெட்டுவிடவில்லை. அருமையான 'மாஸ் எஃபெக்ட் 2' அதற்குப் பிறகுதான், 2010இல் வந்தது. நிறுவனர்கள் இருவரும் 2012இல் விலகினார்கள். 2019இல் பயோவேர் பெயரிலேயே வந்த 'ஆந்தம்', கதையைவிடக் கூட்டாகச் சுட்டு ஆயுதம் சேர்ப்பதே முக்கியமான கேம். ஆகவே முதல் வருடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நல்லதும் நடக்கும். மைக்ரோசாஃப்ட் 2018இல் அப்சிடியன் என்ற ரோல்பிளேயிங் கேம் ஸ்டுடியோவை வாங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து அங்கிருந்து ஒரு சிறு குழு 'பென்டிமென்ட்' என்ற கேமைத் தந்தது. பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவில் நடக்கும் கதை. அதில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, பேச்செல்லாம் திரையில் எழுத்தாகவே வரும். துறவிக்கு ஒரு கையெழுத்து, குடியானவருக்கு இன்னொன்று. அச்சுக்காரர் பேசினால் எழுத்து அச்சுக்கோத்தது போல விழும். இடையில் பிழையாக எழுதி, அழித்துத் திருத்தவும் செய்கிறது பேனா. இத்தனை பொறுமையான ஒரு முயற்சிக்குச் சம்பளம் நின்றுவிடாது என்ற தைரியம் வேண்டும். அதைப் பெரிய முதலாளியால் தர முடியும் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் முதலாளிக்கே நெருக்கடி வந்தால்? ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் ஸ்டுடியோ 2019இல் வாங்கப்பட்டது. வாங்கிய குழுமம் செலவைக் குறைக்க இறங்கியபோது, 2024இல் மூடப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கடைசி கேமின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் முதன்மை எழுத்தாளர், இயக்குநர் பெயர்களைக் குறித்துவையுங்கள். புதிய கேம் அறிவிக்கப்படும்போது அவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்பதிவு வேண்டாம். வெளியாகி, விளையாடியவர்கள் முடிவுவரை போய்ச் சொன்ன பிறகு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிய கேமுக்கு, இணையம் இல்லாமல் நிறுவும் ஃபைலை விற்பனைத் தளம் தந்தால் இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.