ஒயின் கொடுத்தது என் தப்பா? – குன்னூர் சிஸ்டருக்குப் பதில்

ஸ்தோத்திரம் சிஸ்டர். கிறிஸ்துமஸ் கேக்கோடு நீங்கள் கொடுத்த வீட்டுத் திராட்சை ஒயினுக்குப் பிறகு, குடியை விட்டிருந்த சபைச் சகோதரர் மறுபடி டாஸ்மாக் போகிறார். தெரியாமல் அவர் விழக் காரணமாகி, இடறலாகிவிட்டேனா என்கிறீர்கள்.

ஆகியிருக்கலாம். பைபிளில் ரோமர் 14:21-இல் அப்போஸ்தலன் பவுல் மதுவைப் பெயர் சொல்லியே எழுதுகிறார்: சகோதரன் இடறுவானென்றால் தவிர்ப்பது நல்லது. ஆனால் எதுவும் தன்னளவில் தீட்டில்லை என்றதும் அதே அதிகாரம்தான். ஜாடியை உடைக்க வேண்டாம். அடுத்த வருஷம் எல்லாருக்குமே சுக்குக் காப்பி போடுங்கள். அவருக்கு மட்டும் தனி டம்ளர் நீட்டினால் அது இன்னொரு இடறல்.

நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், தனியாக. ஜெபக்குழுவோடு படையெடுத்தால் எஸ்டேட் லைன் முழுக்கக் கேட்கும். காலையில் கை நடுங்குகிறதென்றால் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.