பக்கத்து வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

டெக்சாஸில், டாலஸ் பக்கம் குடியிருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் ஒன்பது வயது மகனைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்புவதற்கு முன், 'உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?' என்று அந்தப் பையனின் அப்பாவிடம் கேட்டேன். அவர் பட்டென்று 'நீங்கள் டெமாக்ரட்டா?' என்றார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டது. நான் கேட்டது தப்பா?"

தப்பே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே பெற்றோர்களை இப்படிக் கேட்கச் சொல்கிறது. நீங்கள் கேட்டது குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி, அவர் காதில் விழுந்தது அரசியல், அவ்வளவுதான். அது ஏன் அப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை வேறு மாதிரி கேட்பீர்கள்.

இன்று துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பது பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி (டெமாக்ரட்), எதிர்ப்பது குடியரசுக் கட்சி. ஆனால் துப்பாக்கி எப்போதும் இப்படிக் கட்சிக்கொடி மாதிரி இருந்ததில்லை. 1967இல் கலிபோர்னியாவில், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடக் கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர், கையெழுத்துப் போட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். (கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் இயக்கத்தினர் துப்பாக்கி ஏந்தி ரோந்து போனதுதான் அதற்குக் காரணம் என்பது தனிக்கதை.) அதே ரீகன், அதிபராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு 1994இல், மற்ற முன்னாள் அதிபர்களான ஃபோர்டு, கார்ட்டர் இருவரோடும் சேர்ந்து சிலவகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினார். துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் என்ஆர்ஏ சங்கமும் நெடுங்காலம் வேட்டைக்காரர்கள், குறிபார்த்துச் சுடுபவர்களின் சங்கமாகத்தான் இருந்தது. 1977இல் சின்சினாட்டியில் நடந்த கூட்டத்தில் கடும்போக்காளர்கள் தலைமையைப் பிடித்த பிறகுதான் அதன் போக்கு முழு அரசியலானது. அப்புறம் இரண்டு பக்கமும் இறுகிவிட்டது. 2022இல் டெக்சாஸின் யுவால்டி ஊரில் நடந்த பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, உங்கள் மாநிலத்து செனட்டர் ஜான் கார்னின், ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபியோடு உட்கார்ந்து ஒரு துப்பாக்கிப் பாதுகாப்பு மசோதாவுக்காகப் பேசினார், அதற்காக டெக்சாஸ் குடியரசுக் கட்சி மாநாட்டிலேயே சொந்தக் கட்சிக்காரர்கள் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். மசோதா 65-33 என்று செனட்டில் நிறைவேறியது வேறு விஷயம். செனட்டருக்கே இந்தக் கதி என்றால் பக்கத்து வீட்டுக்காரர் உஷாராக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

இன்னொன்று, கட்சியை வைத்துத் துப்பாக்கியை ஊகிக்கவே முடியாது. பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்குப்படி, குடியரசுக் கட்சிப் பக்கம் இருப்பவர்களில் 45 சதவீதம் பேர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், ஜனநாயகக் கட்சிப் பக்கம் 20 சதவீதம். அதாவது ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஐந்தில் ஒருவரிடம் இருக்கிறது, குடியரசுக் கட்சிப் பக்கம் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் துப்பாக்கியே கிடையாது. ஆகவே "நம்ம ஆளுதானே" என்று நினைக்கும் வீட்டிலும் கேளுங்கள், அங்கேதான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, எப்படிக் கேட்பது? "இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், அது ஆளை எடைபோடுவது மாதிரி இருக்கும். டெக்சாஸில் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, "பூட்டி வைத்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். தனியாகக் கேட்காமல், பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா, நாய் கடிக்குமா என்பவற்றோடு சேர்த்து, நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் மெசேஜிலேயே கேட்டுவிடலாம். பொறுப்பாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவே செய்யும், தன் பெட்டகத்தைக் காட்டிப் பெருமைப்படுவார். குண்டு நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து அது குழந்தை கைக்குப் போய்விட்டால் டெக்சாஸ் சட்டப்படியே குற்றம், ஆனால் அதை முதல் வாக்கியத்திலேயே எடுத்து நீட்டாதீர்கள். மழுப்பினாரா? வாதம் வேண்டாம், "பையனை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று முடித்துவிடுங்கள்.

இப்போது உறவைச் சரிசெய்ய வேண்டும் என்றால் நீங்களே போய், "அன்று நான் கேட்டது அரசியல் இல்லை, பையனுக்காகக் கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேச்சு நீண்டால் தெரியாத சொற்களைப் போடாதீர்கள். அடிக்கடி பேச்சில் அடிபடும் ஏஆர்-15 என்ற துப்பாக்கியின் பெயரில் இருக்கும் 'ஏஆர்' என்பது ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயர், ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அதை மெஷின் கன் என்று சொன்ன கணமே அவர் உங்களைக் கேட்பதை நிறுத்திவிடுவார்.

சமாதானமாகி, "வாருங்கள், சுடும் பயிற்சிக்குப் போகலாம்" என்று அவர் கூப்பிடக்கூடும், டெக்சாஸில் அது நட்பின் அடையாளம். கிரீன் கார்டு இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. எச்1பி போன்ற விசாவில் இருந்தால், வேட்டை உரிமம் மாதிரி சட்டம் தரும் விலக்கு ஒன்றும் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வாங்குவதே கூட்டாட்சிச் சட்டப்படி பிரச்சினை, ஆகவே காரணத்தைச் சொல்லிவிட்டு, கூடப் போய் வேடிக்கை பாருங்கள்.