இலவச மின்சாரமும் ஆயிரம் அடி போர்வெல்லும்: மேடையில் பேசாததைக் கேளுங்கள்

விவசாயத் தோட்டத்து இலவச மின் இணைப்புக்கு மீட்டர் வைப்பதைப் பற்றி எந்தக் கட்சியும் ஏன் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஏனுங்கண்ணா, மீட்டர்னாலே எல்லாக் கட்சியும் பின்வாங்குதே? (பல்லடம்)

1970 ஜூனில் பெருமாநல்லூரில் மின் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து கோவை நகரத்தையே மறித்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1989-ல் வந்த கருணாநிதி ஆட்சியில் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. உயிரைக் கொடுத்து வாங்கியது தம்பி இது. மீட்டர் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், இலவசத்தைப் பிடுங்கப் போகிறார் என்று மறுநாளே ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். 2020-ல் மானியத்தைப் பணமாகக் கணக்கில் போடலாம் என்று மத்திய அரசு மசோதா வரைவு கொண்டுவந்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது, அதில் நியாயமும் இருக்கிறது.

அப்ப எங்களைக் காசு கட்டச் சொல்றீங்களா? (உடுமலை)

இல்லவே இல்லை. கட்டணம் வேறு, அளவு வேறு. மீட்டர் இல்லாததால் விவசாயத்துக்குப் போகிற மின்சாரம் என்பது மின்வாரியம் போடும் மதிப்பீடுதான், அதில் எவ்வளவு இழப்பை நம் தலையில் எழுதினாலும் மறுத்துப் பேச நம் கையில் கணக்கு இல்லை. அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் வேறு ஒன்றில். ஒரு தோட்டத்தில் போர்வெல் லாரி வந்து நிற்கிறது, வெள்ளைப் பாறைப்பொடி பறந்து பக்கத்துத் தென்னை மட்டையெல்லாம் மாவு பூசினாற்போல ஆகிறது, ஆயிரம் அடி தாண்டித்தான் ஈரம் தட்டுகிறது. அவ்வளவு ஆழம் போக வசதி உள்ளவருக்கு மின்சாரம் இலவசம். பக்கத்துக் காட்டில் கிணற்றை மட்டும் நம்பியிருக்கிறவருக்கும் இலவசம்தான், ஆனால் அவருடைய மோட்டார் அரைமணி நேரத்தில் காற்றை இழுக்கிறது. இந்தச் சலுகை யாருக்காகப் போராடி வாங்கியதோ அவருக்குத்தான் தண்ணீர் இல்லை.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் வந்துருச்சுங்களே? (அவினாசி)

வந்தது நல்லதுதான், 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள், 1,045 குளம் குட்டைகளுக்கு 1.5 டிஎம்சி (150 கோடி கன அடி) தண்ணீர். ஆனால் அது காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகிற பவானி உபரி நீர், மழை பொய்த்தால் உபரி ஏது?

இதையும் கோர்ட்டுதான் முடிக்கணுமோ? சாயப்பட்டறை மாதிரி? (திருப்பூர்)

வேண்டாம் என்கிறேன். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்குத் தீர்வு சொல்லக் கட்சிகள் தயங்கித் தயங்கி, கடைசியில் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது உயர்நீதிமன்றம். ஒரே நாளில் வேலை போனது கூலிக்காரருக்குத்தான்.

சரிங்க, ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட என்னன்னு கேக்கறது? (காங்கேயம்)

மூன்று கேளுங்கள். மீட்டர் வைத்தாலும் கட்டணம் கிடையாது என்று சட்டமாகவே எழுதித் தருவாரா? புதுப் போர்வெல்லுக்கு ஆழ வரம்பு வைக்க ஒப்புக்கொள்வாரா? கிணறு வற்றிப்போன சிறு விவசாயிக்கு என்ன செய்வார்? தனியாகப் போய்க் கேட்காதீர்கள், ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.