ஒரு மா நிலம்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே கல்வித் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்கிறேன். இரண்டு ஆண்டு முடியப்போகிறது. இந்தப் படிப்பில் நான் எப்படி வளர்ந்தேன் என்று கடைசியாக ஒரு கட்டுரை தர வேண்டும். கற்ற பதினொரு மென்பொருள்கள், கோட்பாடுகள் எல்லாம் எழுதிவிட்டேன். வாசித்தால் யாரைப் பற்றியோ எழுதியதுபோல இருக்கிறது.

இடையில் ஒரு சின்ன விஷயம். பின்னத்துக்கு நான் எடுத்த வீடியோவை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டான். மூன்றில் ஒரு பங்குக்கு பீட்சா படம் போட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "மூணு மா ஒரு ஏக்கர் சார், அதுல ஒரு மா மாதிரியா?" என்றான். வயலை வரைந்து மறுபடி எடுத்தேன்.

கட்டுரையை எப்படி எழுதுவது? மேலே பிஎச்.டி. போகலாமா? வரைவை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

பிஎச்.டி. பற்றி வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். மென்பொருள் பட்டியலை எடுத்துவிடுங்கள். மளிகை ஏற்றிவரும் லாரியால் சாப்பிடுகிறவர் உடம்பு தேறாது, பாடம் சுமந்துவரும் ஊடகமும் அப்படித்தான் என்று கல்வி ஆய்வாளர் கிளார்க் 1983-இல் எழுதியதும், இன்னொரு ஆய்வாளர் கோஸ்மா 1991-இல் அதை மறுத்ததும் உங்கள் பேராசிரியர்களுக்கு மனப்பாடம். அதற்கு எதற்கு இரண்டு பக்கம்?

அந்தப் பையன் வரைவில் ஒரு வரியில்கூட இல்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. சின்ன விஷயமா அது?

1986-இல் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பி.எட். முடித்த சூட்டில், கலர் சார்ட்டில் ஆப்பிளை வெட்டி வெட்டிப் பின்னம் நடத்தினேன். ஒரு தேர்வில், ஒன்றை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டிருந்தேன். ஒரு பெண் "ஒரு மா" என்று எழுதியிருந்தாள். நிலக்கணக்கைப் போட்டுக் குழப்பிக்கொண்டாள் என்று நினைத்து, சிவப்பு மையில் அடித்து, வகுப்பில் படித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

பல வருடம் கழித்து, அந்தக் காலத்து வாய்ப்பாட்டுப் புத்தகமான எண்சுவடி ஒன்றைப் புரட்டினேன். பின்னங்களுக்கு அதில் பெயர்கள் இருந்தன: முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. வேலி என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர் வந்ததும் அதனால்தான். அவள் எழுதியது சரியான விடை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தா யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவளைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உங்கள் பீட்சாவும் என் ஆப்பிளும் ஒன்றுதான் தம்பி. ஆனால் நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்களா? வீடியோ எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தோன்றியிருக்குமா? "கவனிடா" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு நகர்ந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை எழுதுங்கள். அவன் நிறுத்தியதும் உங்களுக்கு எரிச்சல் வந்ததா, அவன் சொன்னது புரிய எவ்வளவு நேரம் ஆனது, முதல் வீடியோவை அழிக்க மனசு வந்ததா, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், நில அளவில் நூறு குழி ஒரு மா என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். சதவீதம் நடத்தும்போது அங்கிருந்து ஆரம்பியுங்கள். முதலில் அவனைச் சொல்லவிடுங்கள். அந்த வீடியோவை எனக்கும் அனுப்புங்கள்.