விமானக் குழுவினர் மரணம்: எந்தத் தேதியை நம்புவது?

(இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் இறந்தவர்களின் விவரம் தேடுவோருக்கு)

கே: ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத் தாக்குதலில் இறந்தவர். ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) பதிவேட்டில் 30 மார்ச் 1944, கல்லறையில் 31. எது சரி சார்?

ப: இரண்டும் சரியாக இருக்கலாம். அன்று 795 விமானங்கள் 30ஆம் தேதி இரவு பத்து மணியையொட்டிக் கிளம்பின. நகரத்தின் மேல் குண்டு விழுந்தது 31ஆம் தேதி ஒரு மணிக்குப் பிறகு. 95 விமானங்கள் திரும்பவில்லை.

ஸ்குவாட்ரன் பதிவேட்டில் ஒவ்வொரு பறப்பின் விவரமும் உள்ள ஃபார்ம் 541ஐ எடுத்துப் பாருங்கள். கிளம்பிய நேரம் இருக்கும், திரும்பிய நேரம் இருக்காது. பக்கத்தில் 'கிளம்பிய பின் தகவல் இல்லை' என்கிற பொருளில் ஒரு வரி. எழுதிய குமாஸ்தா இங்கிலாந்தில் இருந்தவர். கிளம்பிய நேரத்துக்கும் குழுவினர் பெயருக்கும் அவர் நல்ல சாட்சி, விழுந்த இடத்துக்கும் வேளைக்கும் சாட்சியே இல்லை. எந்த ஆவணத்தையும் இப்படித்தான் எடை போட வேண்டும்: எழுதியவர் எதைப் பார்த்திருக்க முடியும்?

மரண விவரத்துக்கு உயிரிழப்புக் கோப்பு வேண்டும். லண்டனில் கியூ (Kew) என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் ஏர் 81 (AIR 81) வரிசை. கட்டங்கட்டமாகத் திறக்கிறார்கள், முதலில் அட்டவணையில் தேடுங்கள். குழுவில் ஓர் ஆஸ்திரேலியர் இருந்தால் அந்நாட்டுத் தேசியக் காப்பகத்தின் ஏ705 கோப்பையும் விடாதீர்கள். செஞ்சிலுவைத் தந்தி, போருக்குப் பின் தேடல் அதிகாரிகள் ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதியது எல்லாம் பெரும்பாலும் மொத்தக் குழுவுக்கும் சேர்த்தே இருக்கும்.

கே: விமான எண் ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 8 என முடிகிறது.

ப: கார்பன் நகலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஃபார்ம் 78 எனும் விமான நடமாட்ட அட்டையில் சரிபாருங்கள். விமானத்தின் அடையாள எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒன்று தொலைந்தால் அடுத்து வந்ததற்கும் அதே எழுத்தைக் கொடுப்பார்கள்.

கே: மூன்று இணையதளங்களில் ஒரே தேதி. போதாதா?

ப: போதாது. ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான்.

கே: இங்கிலாந்தின் ரன்னிமீட் விமானப்படை நினைவகத்தில் பெயர் இருந்தால் கடலில் விழுந்தவர்தானே?

ப: இல்லை. கல்லறை தெரியாத 20,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். நிலத்தில் விழுந்து அடையாளம் காண முடியாதவர்களும் அதில் உண்டு.

கே: கல்லில் பொறித்ததை மறுக்க நாம் யார்? போர்க் கல்லறை ஆணையத்தைவிடப் பெரியவர்களா?

ப: மரியாதை வேறு, சான்று வேறு ஐயா. விமானப்படை கொடுத்த தேதியைத்தான் ஆணையம் பொறித்தது. தக்க ஆவணம் காட்டினால் திருத்தவும் செய்யும்.

கே: ஆனால் ஜெர்மன் நேரம் வேறு. விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதாக அவர்கள் குறித்த நேரத்தை எப்படி ஏற்பது?

ப: நல்ல கேள்வி. பிரிட்டன் போரின்போது குளிர்காலத்திலும் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னே, கோடையில் இரண்டு மணி முன்னே ஓடியது. ஜெர்மனியும் ஏறக்குறைய அப்படியே. அதனால் ஊர்க் கடிகாரங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். குழப்பம் கிரீன்விச் நேரத்தில் எழுதிய குறிப்புகளில்தான்: 23:20 என்றிருப்பது கோடையில் மறுநாள் 01:20. தேதியே மாறிவிடும்.

கே: சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கல்லறை. அப்படியானால் சென்னையில் இறந்தாரா?

ப: அப்படிச் சொல்ல முடியாது. தென், கிழக்கு இந்தியாவின் பல கல்லறைகளிலிருந்து 1952இல் அங்கே மாற்றினார்கள்.

கே: ஓர் ஆவணத்தில் இறந்த தேதி 13, இன்னொன்றில் 14. 13ஆ, 14ஆ?

ப: முதல் பதிலைப் படியுங்கள். கோப்பு கிடைக்கும்வரை '13/14 இரவு' என்றே எழுதுங்கள்; எந்தத் தேதி எந்த ஆவணத்தில் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.